ஊமைப்பாரில் இறங்கியவன்

எங்கள் ஊரான தேரிமுனையில் காலை ஆறு மணிக்கு மாதா கோயில் மணி அடிக்கும், மாலை ஆறு மணிக்கும் அடிக்கும், நடுப்பகல் பன்னிரண்டுக்கு மட்டும் அடிக்காது. பெண் எடுக்க வருகிறவர்கள், உப்பு ஏற்ற வருகிற லாரிக்காரர்கள், புதிதாக மாற்றலாகி வரும் சாமியார்கள் என்று எல்லோரும் ஒருமுறையாவது ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு நாங்கள் ஒரு டீயை வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. சொல்லாமல் வைத்திருந்து நாங்கள் ஒன்றும் வாழ்ந்து கிழித்துவிடவில்லை.

முதலில் பாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரையிலிருந்து கிழக்கே பத்து மைலில், கையை விரித்து அளக்கிற கணக்கில் எட்டுப் பாக ஆழத்தில், கடலுக்கடியில் ஒரு பாறைத்தட்டு கிடக்கிறது. அதில் முத்துச்சிப்பி சில வருஷம் விளையும், பல வருஷம் விளையாது, ஏன் என்று எவனாலும் சொல்ல முடியாது, அதனால் அதற்கு ஊமைப்பார் என்று பேர். ராஜாக்கள் காலத்தில் அது ராஜாவுடையது, பறங்கி வந்தபோது பறங்கியுடையது, அப்புறம் டச்சுக்காரனான உலாந்தாக்காரனுடையது, அப்புறம் கும்பினியுடையது, அப்புறம் சர்க்காருடையது. இறங்கி மூச்சடக்குகிறவனுடையதாக அது ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனால் இத்தனை பேரும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் ஒரே விதியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்: நாலு வயது ஆகாமல் சிப்பியைத் தொடக்கூடாது, ஆறு வயதுக்கு மேல் விட்டுவைக்கவும் கூடாது, ஆறு தாண்டினால் சிப்பி தானாக வாயைத் திறந்து செத்து, முத்து மணலோடு மணலாகப் போய்விடும். நாலு வயது ஆன வருஷம் மாசி மாதத்தில் மாதிரி எடுப்பார்கள். பத்துப் பேர் இறங்கி ஆளுக்கு நூறு சிப்பி கொண்டுவர வேண்டும். அந்த ஆயிரத்தை அழுகவிட்டு, கழுவி, சலித்துப் பார்த்துத்தான் முத்துக்குளிப்பு உண்டா இல்லையா என்று தண்டோரா போடுவார்கள். மாதிரிக்கு இறங்கிய பத்துப் பேரும் தங்கள் பையோடு மேலே ஏறினால்தான் மாதிரி முடிந்ததாக அர்த்தம் என்றும் அந்த விதிப் புத்தகத்தில் எழுதியிருந்தது. மனிதன் மேல் இருந்த அக்கறையில் யாரும் அதை எழுதவில்லை, சிப்பி களவு போகக்கூடாதே என்று எழுதினார்கள்.

எந்தப் புத்தகத்திலும் எழுதாத விதி ஒன்று எங்களிடமும் இருந்தது. கடலில் இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்தச் சகோதரன் பிடிக்கக்கூடாது, அவனுக்குச் சொத்தில் பங்கு இருக்கிறது. கூட்டாளி பிடிக்கக்கூடாது, அவனுக்கு என்றைக்காவது பொறாமை வரலாம். மச்சான் ஒருவன்தான் தன் தங்கச்சி தாலி அறுக்க வேண்டும் என்று கனவிலும் நினைக்க மாட்டான். கீழேயிருந்து கயிறு ஒருமுறை இழுபட்டால் இன்னும் கயிறு விடு என்று அர்த்தம், இரண்டுமுறை இழுபட்டால் என்னைத் தூக்கு என்று அர்த்தம். இதற்கு மேல் பேச்சு கிடையாது.

அந்த வருஷம் பத்தாவது ஆளாக இறங்கியவன் இஞ்ஞாசி. அவன் கயிற்றைப் பிடித்தவன் கஸ்பார், இஞ்ஞாசி பெண்டாட்டி மதலேனாளின் அண்ணன். இஞ்ஞாசி வாய் ஓயாத ஆள், தண்ணீருக்குள் போனால்தான் அவன் பேச்சு நிற்கும் என்று கேலி செய்வோம். கஸ்பார் அதற்கு நேரெதிர். பூசைக்கு முதல் ஆளாகப் போய் முழங்காலில் நிற்கிறவன், மூன்று நேரமும் கோயில் மணி கேட்டால் கையில் இருப்பது எதுவானாலும் வைத்துவிட்டு சிலுவை போட்டு ஜெபம் சொல்கிறவன், அவன் வலையிலிருந்து அப்படி எத்தனை மீன் தப்பிப் போயிருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. எங்கள் ஊர் மணி பத்து மைல் தள்ளிக் கடலில் கேட்குமா என்று கேட்காதீர்கள். காற்று வாக்காக இருந்தால் எல்லோருக்கும் கேட்கும், இல்லாவிட்டாலும் எங்கள் ஆட்களுக்குக் கேட்கும்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் இஞ்ஞாசி மூக்கில் கிட்டியை மாட்டி, ஆளை அடிக்கு இழுத்துப் போகிற குளிகல்லில் கால் வைத்து, "மச்சான், கருவாட்டுக் கொழம்பு ஆறிப்போவும், சீக்கிரம் வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டாயிற்று, மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது, ஐந்து நிமிஷம் ஆயிற்று. வள்ளத்தில் இருந்தவர்கள் முகம் செத்துப்போயிற்று. அப்போது கயிறு ஒருமுறை இழுபட்டது. கஸ்பார் கயிறு விட்டான். சாயங்காலம் இன்னொரு முறை இழுபட்டது. மறுபடியும் விட்டான். மறுநாள் காலையிலும் இழுபட்டபோது, இஞ்ஞாசி கீழே ஏதோ வேலையாக இருக்கிறான், முடித்துவிட்டு வருவான் என்று எல்லோரும் புரிந்துகொண்டோம்.

மற்ற குளிகாரர்கள் இறங்கிப் பார்த்தார்கள். கயிறு பார் வரைக்கும் நேராகப் போய், அங்கிருந்து சிப்பிகளுக்கு நடுவே தெற்கே திரும்பி, வெளிச்சம் முடிகிற இடத்துக்கும் அப்பால் போய்க்கொண்டிருந்தது என்றும், அதற்கு மேல் பின்தொடர மூச்சு பற்றவில்லை என்றும் சொன்னார்கள். பத்துப் பேர் சேர்ந்து இழுத்தும் பார்த்தோம். கயிறு ஓர் அங்குலம் வரவில்லை, வள்ளம்தான் சாய்ந்தது. கேட்காதவனைத் தூக்க முடியாது என்று விட்டுவிட்டோம்.

அவன் இறங்கிய அன்று வள்ளத்தில் கூட இருந்த முத்துப்பார் மேற்பார்வை அதிகாரி சபாபதி மேலிடத்துக்கு எழுதினார். வெளியூர்க்காரர், வெள்ளைச் சட்டை, சிவப்பு அட்டை போட்ட நோட்டு, அதில் காற்று எந்தத் திசை, தண்ணீர் எவ்வளவு தெளிவு, சிப்பி எத்தனை விரல் அகலம் என்று கண்ணில் படுவதையெல்லாம் நேரம் போட்டு எழுதிவைக்கிற நல்ல மனுஷன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: இறங்கியவர் பையுடன் ஏறும் வரை மாதிரி முடிவுறாது, மாதிரி முடிவுறும் வரை பார் மூடப்பட்டிருக்கும். வந்த ஒன்பது பைகளையும் அரக்கு முத்திரை வைத்துக் கொட்டடியில் பூட்டினார்கள். கடைசி முத்துக்குளிப்பு நடந்து இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது. இந்த வருஷம் கூரை மாற்றலாம், பெண்ணைக் கட்டிக் கொடுக்கலாம் என்று நாக்கில் தண்ணீர் ஊற உட்கார்ந்திருந்த ஊர் வாயை மூடிக்கொண்டது.

கஸ்பார் வள்ளத்தை விட்டு இறங்கவில்லை. நாங்கள் வள்ளத்துக்கு நடுவில் ஓலைக்கூரை போட்டுக் கொடுத்தோம், வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக் காலையில் கஞ்சியும் தண்ணீரும் கொண்டுபோனோம், சோழகம் என்கிற தென்காற்று சுழற்றி அடித்த மாதங்களில்கூட அந்த வள்ளம் நின்ற இடத்தில் மட்டும் அலை சற்றுத் தணிந்துதான் இருந்தது. தூங்கும்போது கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வான். அவன் உள்ளங்கை காய்த்துக் காய்த்து, கயிறு போகிற வழி அதில் ஒரு வாய்க்காலாகவே விழுந்துவிட்டது. நாளுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ கயிறு இழுபடும், கஸ்பார் கொஞ்சம் விடுவான், கஞ்சி கொண்டுபோனவர்கள் கரைக்கு வந்து "இன்னைக்கும் இருக்காரு" என்று மதலேனாளிடம் சொல்லுவார்கள்.

இஞ்ஞாசி இறங்கியபோது மதலேனாளுக்கு ஐந்து மாதம். ஆடியில் பிள்ளை பிறந்தது, பெண். ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பேருக்கு எதிரே என்ன எழுதுவது என்று சாமியார் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, கடைசியில் 'கடலுக்கடியில் வசிப்பவர்' என்று எழுதினார். மதலேனாள் கலியாண வீட்டுக்குப் போனால் ஒரு கிழவி முகத்தைச் சுளிப்பாள், சாவு வீட்டுக்குப் போனால் இன்னொருத்தி, புருஷன் இருக்கிறவள் எதற்குத் தலைமாட்டில் வந்து உட்காருகிறாள் என்பாள். தாலி கழுத்தில்தான் கிடந்தது. ஆனால் அதைத் தொட்டுக் கும்பிடுவதா, கழற்றி வைப்பதா என்று அவளுக்குச் சொல்லுகிறவர் யாரும் இல்லை. எங்களுக்கும் தெரியவில்லை, அதனால் நாங்கள் அவளைக் கண்டால் பிள்ளையைப் பற்றி விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கயிறு தீரத் தொடங்கியது. குளிகயிறு முதல் வாரத்திலேயே தீர்ந்திருந்தது, அதோடு நங்கூரக் கயிற்றை முடிந்தார்கள், அப்புறம் வலைக்கயிறு, அப்புறம் ஊரில் இருந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிணற்றுக் கயிறு. கிணற்றுக் கயிறு போனதும் பெண்கள் சேலையை முறுக்கித் தண்ணீர் இறைத்தார்கள். ஆட்டுக் கயிறு போனதும் ஆடுகள் கோயிலுக்குள் நுழைந்து பீடத்துப் பூவைத் தின்றன. பந்தல் கயிறு போனதும் அந்த வருஷத்துக் கலியாணமெல்லாம் வெயிலில் நடந்தன. சவப்பெட்டி இறக்கும் கயிறு போனதும் செத்தவர்களைக் கையில் ஏந்திக் குழிக்குள் இறங்கி வைத்தோம். மதலேனாள் தன் பிள்ளையின் தொட்டில் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தரையில் போட்டாள். எட்டுப் பாகக் கடலில் எண்ணூறு பாகக் கயிறு போயிருந்தது. இது எப்படி என்று யாரும் கேட்கவில்லை, இன்னும் யார் வீட்டில் கயிறு இருக்கிறது என்றுதான் கேட்டோம்.

அவன் இறங்கியதற்குப் பின் இரண்டாவது மாசி வந்தது. பாரில் இறங்கிப் பார்த்தவர்கள் சிப்பிக்கு மேல் சூரன் படர்கிறது என்றார்கள். சூரன் என்பது விரல்நுனி அளவே இருக்கும் ஒரு மட்டி, தன் நூலால் பாய் பின்னுவதுபோல் பின்னிச் சிப்பியை மூடி மூச்சுமுட்டக் கொன்றுவிடும். ஆறு வயது முடிய இன்னும் நாற்பது நாள். பட்டங்கட்டியார், எங்கள் ஊர்த் தலைவர், கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார். கஸ்பாருக்குப் பதிலாகக் கயிற்றை அன்று மட்டும் மதலேனாளின் தகப்பனார் பிடித்திருக்க, கஸ்பாரைக் கரைக்குக் கூட்டிவந்தார்கள். அந்த இரண்டு வருஷத்தில் அவன் கரையில் கால் வைத்தது அந்த ஒரு முறைதான்.

"ஊரே மொடங்கிக் கெடக்கு கஸ்பாரு," என்றார் பட்டங்கட்டியார். "ஒரு ஆளுக்காவ எத்தனை நாளு? கயித்த அறுத்துருவோம். செத்துட்டாருன்னு சபாபதி ஐயா எழுதட்டும், பார் தொறக்கட்டும்."

"அறுக்கவனுக்குத் தங்கச்சி இருக்கான்னு முதல்ல கேளும்," என்றான் கஸ்பார். அவன் கை அப்போதும் கயிறு பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது.

சபாபதி எழுந்து நின்று, கயிற்றை அறுத்தாலும் பத்தாவது பை வந்தாக வேண்டும், பை வராமல் இறப்பை மட்டும் எழுத விதியில் இடமில்லை என்று விளக்கினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதுவரை தூணோரம் நின்றிருந்த மதலேனாள் முன்னால் வந்தாள்.

"கயிறு எத்தனை நாளுக்குக் காணும்ணே?"

"நாளைக்கு விட்டா தீந்துரும்ளா."

அவள் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தாள். "சாமி, மணிக்கயிறு இருக்குல்லா?"

சாமியார் முகம் வெளுத்தது. நானூறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் அடித்த மணி என்றார், ஆயரான மேற்றிராணியாருக்கு என்ன பதில் சொல்வது என்றார். "எம் பிள்ள ஒரு வருசமா தரையில கெடக்கு, மணி ஒரு வாரம் சும்மா கெடந்தா கொறஞ்சா போவும்?" என்று அவள் கேட்டாள். சாமியார் மறுநாள் பூசை முடிந்ததும் தானே ஏறி அவிழ்த்துக் கொடுத்தார். இருபது பாகம், உருக்குப் போல உறுதி, நடுவில் நாலு தலைமுறைக் கை பட்டு வழவழப்பான இடம்.

பெண்கள் குளிவள்ளத்தில் ஏறுவதில்லை. அன்றைக்கு அவள் பிள்ளையை அண்டை வீட்டில் விட்டுவிட்டு, மணிக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள், யாரும் தடுக்கவில்லை. சபாபதி திங்கள்கிழமை தோறும் வருகிறவர், அன்றைக்குத் திங்கள், அவரும் நோட்டோடு வந்தார். மணிக்கயிற்றை முடிந்து கொஞ்சம் விட்டார்கள். வெயில் ஏறியது. கஸ்பார் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான், அவன் தங்கை எதிரே உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூரியன் உச்சிக்கு வந்தபோது கஸ்பார் கரைப்பக்கம் தலையைத் திருப்பினான். "ஏளா, மணி கேக்கலையே?"

"கயிறு இங்கல்லா கெடக்கு, எப்படிக் கேக்கும்?"

ஆமாம் என்று தலையாட்டினான். எந்த நாளும் அந்த நேரத்தில் அவன் கயிற்றை வள்ளத்தின் விளிம்பில் இருந்த முளையில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்துவிட்டு, சிலுவை போட்டு, கைகளைக் குவித்து, கண்ணை மூடி, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லி முடித்துவிட்டுத்தான் மறுபடி கயிற்றை எடுப்பான். அன்றைக்கு மணி கேட்காததால் கை கயிற்றிலேயே இருந்தது.

கயிறு இரண்டு முறை இழுபட்டது.

கஸ்பார் குனிந்து தன் கையைப் பார்த்தான். "என்னண்ணே?" என்றாள் மதலேனாள். "ரெண்டு," என்றான். "ரெண்டு இழுத்தாருளா, மாப்பிள்ள ரெண்டு இழுத்தாரு!" என்று கத்திக்கொண்டே எழுந்து இழுக்கத் தொடங்கினான். பத்துப் பேருக்கு அசையாத கயிறு குழந்தை கையில் வருகிற பட்டக்கயிறு போல லேசாக வந்தது. வள்ளத்தில் இருந்த எல்லோரும் பாய்ந்து பிடித்தோம். மதலேனாளும் பிடித்தாள். அவள் அழுதுகொண்டு சிரித்தாள், அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

"ரெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் மொதல்ல கூப்பிடுதாரு," என்றாள்.

சபாபதி நல்ல மனுஷன் என்று சொன்னேன். அவர் சந்தோஷத்தில் பங்குகொள்ள நினைத்துத்தான் அதைச் சொன்னார்.

"இல்லையம்மா, முன்னாடியும் உண்டே. நான் வந்த ஒவ்வொரு திங்களும் பார்த்திருக்கேன். சரியாகப் பன்னிரண்டுக்கு, இவங்க எல்லாரும் கும்பிட்டுட்டு இருக்கும்போது, முளையில கயிறு ரெண்டு தடவை ஆடும். நீரோட்டம்னு நினைச்சு எழுதிவச்சிருக்கேன், பாருங்க." அவர் நோட்டைப் பிரித்துக் காட்டினார். பக்கம் பக்கமாக இருந்தது. இஞ்ஞாசி இறங்கிய முதல் நாளிலிருந்தே இருந்தது.

அந்த இரண்டு வருஷத்தில் அந்த வள்ளத்தில் நடுப்பகலில் இருந்தவர்கள் எத்தனையோ பேர், நானும் அதில் ஒருவன், எங்கள் எல்லோருடைய கையும் அந்த நேரத்தில் நெற்றியில் இருந்தது. சபாபதிக்கு மட்டும் கும்பிட வேண்டிய கட்டாயம் இல்லை, அவருக்குக் கயிற்றின் பாஷை தெரியாது. கஸ்பார் நிற்காமல் இழுத்துக்கொண்டே தங்கையைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

கரையிலிருந்து மற்ற வள்ளங்களும் வந்து சேர்ந்தன. மணிக்கயிறு வந்தது, தொட்டில் கயிறு வந்தது, சவக்கயிறு, பந்தல் கயிறு, ஆட்டுக் கயிறு, கிணற்றுக் கயிறு எல்லாம் போன வரிசைக்குத் தலைகீழாக வந்தன, ஒவ்வொரு பாகத்திலும் சூரன் அடர்ந்து பிடித்திருந்தது, எங்கள் கைகள் கிழிந்து வள்ளத்தின் அடியில் தேங்கிய தண்ணீர் சிவந்தது. வெயில் சாய்ந்தபோது குளிகயிறு வந்தது. அதன் முனையில் இஞ்ஞாசி வந்தான்.

இறங்கியபோது எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான். மூக்கில் கிட்டி, கழுத்தில் பை, விரல் நுனி கூடச் சுருங்கவில்லை. வலது கை கயிற்றைப் பிடித்திருந்தது. உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. அவனைப் புரட்டிப் போட்டு முதுகை அமுக்கிய குளிகாரர்கள், மூச்சு நின்று ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது என்றார்கள், அதைச் சொல்லியிருக்க வேண்டாம். மதலேனாள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாயோரம் இருந்த தண்ணீரைத் துடைத்தாள். அவன் இறங்கிய நாளில் அவள் வைத்த கருவாட்டுக் குழம்பின் மணம் அவன் வாயில் இன்னும் இருந்ததாக அவள் பிற்பாடு சொன்னாள்.

பையில் நூறு சிப்பி இருந்தது, நூறும் நாலு வயதுச் சிப்பி. சபாபதி முத்திரையை உடைத்து ஆயிரத்தையும் சேர்த்துக் கழுவினார். இதுபோல ஒரு மாதிரி நூறு வருஷமாகக் கிடைத்ததில்லை என்று மேலிடம் எழுதியது, பார் திறந்தது, தண்டோரா போட்டார்கள். இருநூறு வள்ளங்கள் போயின. இறங்கியவர்கள் எல்லோரும் ஒரு கைப்பிடி சூரனோடு ஏறினார்கள். அதற்குக் கீழே சிப்பியெல்லாம் வாயைத் திறந்து வெறும் ஓடாகக் கிடந்தது. அதற்குப் பிறகு ஊமைப்பார் விளையவே இல்லை.

இஞ்ஞாசியை அடக்கம் செய்த மறுநாள் சாமியார் மணிக்கயிற்றைக் கட்டினார், நடுப்பகலில் மணி அடித்தது. நாங்கள் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனோம், பாதியில் நின்றுவிட்டது. ஊரில் ஒருவர் கையும் மேலே போகவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, தினமும் மணி அடிக்கிற உபதேசியார் மறுநாள் அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கஸ்பார் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. வாசலில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருப்பான், விரல்கள் நிமிரவே இல்லை. மதலேனாள் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏசவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் தினமும் சூரியன் உச்சிக்கு வரும்போது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தொட்டில் கயிற்றில் மிஞ்சிய ஒரு முழத் துண்டோடு வருவாள். ஒரு முனையை அவன் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு தரையில் உட்காருவாள். கண்ணை மூடி, மூச்சை அடக்கி, இரண்டு முறை இழுப்பாள்.

"இழுக்கேன்ளா," என்பான் கஸ்பார். அவள் கை அவன் மடிக்கு வந்து சேரும் வரை இழுப்பான். ஒரு முழக் கயிறுதான், இழுத்து முடிக்க ஒரு நொடிகூட ஆகாது.